பெட்டிக்குள் அடைத்த தூசி உறிஞ்சியும் குறைந்துபோன இழுவையும்

வணக்கம். மரவேலைக் கொட்டகை மூலையில் தூசி உறிஞ்சியைப் பிளைவுட் பெட்டிக்குள் அடைத்தபின் சத்தம் சற்றே தணிந்தாலும், மோட்டார் சூடாகிறது, இழுவையும் தளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பெட்டியைத் திறந்துவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இழுவை உடனே மீண்டால் காற்று வெளியேறும் வழி போதவில்லை என்று பொருள். மீளாவிட்டால் வடிகட்டிப் பை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளியேறும் திறப்பின் பரப்பு, உறிஞ்சுகுழாயின் குறுக்குப் பரப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். அத்திறப்பு நேராக வெளியே பார்க்காமல், உட்புறம் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய, எளிதில் தீப்பற்றாத பஞ்சு) பதித்து அதன்மேல் மெல்லிய துணி போர்த்திய, இரண்டு முறை மடங்கித் திரும்பும் அகலமான பாதையாக அமைந்தால், காற்று பெரிய தடையின்றிப் போகும்; ஒலியோ ஒவ்வொரு திருப்பத்திலும் தேயும். சாதாரண ஃபோம் எளிதில் தீப்பற்றும் என்பதால், மரத்தூள் சூழ்ந்த இடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட்டி சுவரைத் தொடாமல் ரப்பர் விரிப்பின்மேல் நிற்பது அவசியம், ஏனெனில் கொட்டகையின் மெல்லிய சுவர்ப்பலகை அதிர்வை வாங்கி மத்தளம்போல் முழங்கும்.

இயந்திரங்களை இடம் மாற்றுவதானால், அவற்றை உறிஞ்சியோடு இணைக்கும் நெளிகுழாயின் நீளத்தைக் குறைப்பதே முதல் வேலை. வழவழப்பான குழாயைவிட அது காற்றை மிகுதியாகத் தடுக்கும். சீவலை அள்ளித் தள்ளும் இழைப்பு இயந்திரம் உறிஞ்சிக்கு அருகிலும், மேசை ரம்பம் அதற்கடுத்தும் இருக்கட்டும். துளையிடும் இயந்திரம் எங்கிருந்தாலும் சரி. மேலும், 100 மி.மீ. குழாயை 50 மி.மீ. ஆகக் குறுக்கினால் குறுக்குப் பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். இழுவை குறைவதோடு காற்று சீறும் சத்தமும் கூடும்.