போல்ட் கழலவில்லை, காசு மட்டும் கழன்றது

கே: என் 100 சிசி பைக்கில் நானே ஆயில் மாற்றலாம் என்று, எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் கை வைத்தேன். டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு முறை வழுக்கி, தலையின் முனைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. இனி என்ன செய்ய?
— வாசகர், தாராபுரம்

ப: முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அது போல்ட் தலையை இரண்டு பக்கத்தில் மட்டும்தான் பிடிக்கும். பலம் கூடக்கூட வாய் விரிந்து முனையைச் சீவும். மூன்றாம் முறை வழுக்கினால் வண்டி நேராக லேத் பட்டறைக்குத்தான்.

உள்ளே ஆறு பட்டை உள்ள சாக்கெட் ஒன்று வாங்குங்கள். உங்கள் வகை வண்டிகள் பலவற்றில் 17 எம்எம்; ஆனாலும் அளந்து பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை வேண்டாம், அது முனையை ஒட்டிப் பிடிப்பதால் மழுங்கிய தலையில் நிற்காது. கூடவே அரை இன்ச் டிரைவில் (சாக்கெட்டுக்குள் நுழையும் சதுரத் தண்டின் அளவு) ஒரு அடி நீளக் கைப்பிடி. சுத்தியல் வீட்டில் இருக்கும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு நாலைந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் போல்ட்டின் மேல் அலுமினிய எஞ்சின் கூட்டின் (கிராங்க் கேஸ்) பிடி கொஞ்சம் தளரும், ஆயிலும் இளகி வடியும். சைலன்சரில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட் தலையைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷால் சுரண்டுங்கள். அழுக்கு இருந்தால் சாக்கெட் அடிவரை இறங்காது, பாதிப் பிடியில்தான் வழுக்கும். சாக்கெட்டை மாட்டி, சுத்தியலால் நேராக இரண்டு மூன்று தட்டு. ஒரு கையால் சாக்கெட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, மறு கையால் கைப்பிடியை உங்கள் பக்கமாக இழுங்கள். தள்ளினால், கழன்ற நொடியில் விரல் முட்டி ஃபுட்ரெஸ்டில் போய் இடிக்கும்.

திசைதான் பலரைக் கவிழ்க்கிறது. கீழே குனிந்து தலையை நேருக்கு நேர் பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மேலிருந்து கையை மட்டும் விட்டுத் திருப்புகிறவருக்கு எல்லாம் தலைகீழ்; கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்பார். நீங்கள் அப்படிச் செய்யவில்லையே?

17-உம் நிற்காத அளவுக்கு மழுங்கியிருந்தால், 16 எம்எம் சாக்கெட்டை அடித்து ஏற்றித் திருப்புங்கள். போல்ட்டைத் தூக்கி எறியத்தான் வேண்டும். புது போல்ட், புது வாஷர். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியது, மறுபடி சரியாக அடைக்காது.

கே: ஆன்லைனில் 46 பீஸ் டூல் கிட் 499 ரூபாய்க்கு வருகிறது. வீட்டில் பைக் வேலைக்குப் போதுமா?
— வாசகி, மன்னார்குடி

ப: இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், நானும் ஒன்று வாங்கினேன், அதன் ராட்செட் கைப்பிடியின் பல் இரண்டாம் வாரமே வழுக்கியது. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அளவைப் பாருங்கள். பரவலாக விற்கும் 46 பீஸ் பெட்டி கால் இன்ச் டிரைவ். அதில் சாக்கெட் 4-இல் தொடங்கி 14 எம்எம்மில் முடிகிறது. மேலே சொன்ன 17 எம்எம் டிரெயின் போல்ட்டுக்கு அதில் எதுவுமே இல்லை! மீதி எண்ணிக்கையை நிரப்புவது திருப்புளி பிட்டுகளும் அலன் கீகளும். கவரைக் கழற்றலாம், பேட்டரி முனையைக் கழற்றலாம். இறுகிய எஞ்சின் போல்ட்டுக்கு அந்தக் கால் இன்ச் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

கணக்கு எளிது. ஒரு அடிக் கைப்பிடியின் நுனியில் 15 கிலோ பலத்தில் இழுத்தால் சுமார் 45 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. அரை அடிக் கைப்பிடியில் அதே இழுப்புக்கு அதில் பாதிதான். நீளமும் உறுதியும்தான் காசு பெறும் பொருள். அதே பணத்தில் உங்கள் வண்டிக்குத் தேவையான 10, 12, 14, 17 அளவில் ரிங் ஸ்பேனர்களைக் கடையில் தனித்தனியாகப் பொறுக்கி வாங்குங்கள். ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்திருந்தால் மட்டும் நம்பிவிடாமல், உங்கள் போல்ட்டையே கொண்டுபோய் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம்.

கே: சைலன்சர் நட்டுக்கு டபிள்யூடி-40 அடித்து உடனே திருப்பினேன், அசையவில்லை. போலிச் சரக்கா?
— வாசகர், ஆம்பூர்

ப: சரக்கு போலியா என்று பார்க்கும் முன், ‘உடனே’ என்பதைப் பாருங்கள். அது அடிப்படையில் ஈரத்தை விரட்டும் திரவம்; துருவைத் துளைக்கவென்றே தனி எண்ணெய் விற்கிறது. எதுவானாலும் எஞ்சின் ஆறிய பின் அடியுங்கள், சூட்டில் தீப்பிடிக்கும். வெளியே நீட்டிய மரையைப் பிரஷால் தேய்த்து, இரவு ஒரு முறை, காலையில் ஒரு முறை. நட்டு கால் சுற்று வந்ததும் உற்சாகத்தில் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள்; கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, நடுவே எண்ணெய் விட்டு வெளியே கொண்டுவாருங்கள். அங்கே நட்டு ஏறியிருப்பது பெரும்பாலும் மெல்லிய 6 எம்எம் ஸ்டட்தான் (தலையில்லாத போல்ட்), சட்டென்று முறிந்துவிடும்.

கே: ஸ்பேனரில் பைப்பை மாட்டி அதன்மேல் ஏறி நிற்கலாமா?
— வாசகர், சாத்தூர்

ப: கூடாது.

கே: வாங்கி நாலாம் நாள் ரிங் ஸ்பேனர் வெடித்துவிட்டது. கடைக்காரர் பில்லும் தரவில்லை, ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்கிறார்.
— வாசகர், பண்ருட்டி

ப: போர்டு மாட்டினால் சட்டம் மாறாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள். போடாவிட்டால் 30 நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜிபேயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள், உடைந்த ஸ்பேனரைப் படம் எடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் பைப் மாட்டி முறுக்கியிருந்தால் இந்த வழக்கு வேண்டாம். சாத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: சர்வீஸ் கடையில் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் சுழன்று இறுக்கும் கருவி) டிரெயின் போல்ட்டை இறுக்கி மரையே போய்விட்டது. இப்போது கிராங்க் கேஸ் முழுவதும் மாற்ற வேண்டும் என்று என்னிடமே பணம் கேட்கிறார்கள். டெலிவரி வேலைக்கு ஓட்டும் வண்டி இது.
— வாசகர், ஆவடி

ப: ஒரு பைசா கொடுக்காதீர்கள். மென்மையான அலுமினிய மரையில் ஏர் கன் வைத்தது அவர்கள் குற்றம். கேஸ் வெடிக்காதவரை அதை மாற்றத் தேவையில்லை; நல்ல லேத் பட்டறையில் பழைய மரையைப் பெரிதாக வெட்டி ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளை ஏற்றினால், பழைய அளவு போல்ட்டே மறுபடி உட்காரும். வெட்டிய அலுமினியத் தூள் உள்ளே தங்காமல் கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கழுவி வடிக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும், வண்டி நின்ற நாட்களின் வருமானத்தையும் எழுத்தில் கேளுங்கள். வண்டியை விட்டபோது தந்த ஜாப் கார்டைத் (வேலைச் சீட்டு) திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.