கஞ்சா வழக்கு மேல்முறையீட்டில் 'சான்றைக் கையாண்டது சரியில்லை' என்ற வாதம் நிற்குமா?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: அண்ணனிடமிருந்து சாக்கோடு 21 கிலோ கஞ்சா பிடித்ததாக வழக்கு. சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்துவிட்டது. மகஜரில் (பிடித்த இடத்தில் எழுதும் பறிமுதல் பதிவில்) கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளும் நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிப் பிறழ்ந்துவிட்டார்கள். மாதிரி எடுத்தது, முத்திரை வைத்தது எல்லாமே சந்தேகமாக இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் இதைச் சொன்னால் விடுதலை கிடைக்குமா?

நான் குற்றவியல் மேல்முறையீடுகளில் வேலை பார்க்கும் வழக்கறிஞர். வழக்குக் கட்டைப் பார்க்காமல் கிடைக்கும், கிடைக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று சொல்லலாம்.

முதலில், நீங்கள் பலம் என்று நினைக்கிற ஒன்று பலமே இல்லை. மகஜர் சாட்சிகள் பிறழ்வது இந்த வழக்குகளில் கிட்டத்தட்ட வாடிக்கை. போலீஸ் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதை மட்டும் வைத்தே தண்டிக்கலாம் என்பதுதான் சட்ட நிலை. அதேபோல 'சோதனைக்கு முன் போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50-ன்படி உரிமையைச் சொல்லவில்லை' என்றும் பலர் கிளம்புவார்கள். அது உடலைச் சோதனை போடுவதற்கு உள்ள பாதுகாப்பு. கையில் வைத்திருந்த பைக்கும் மூட்டைக்கும் அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. புகார் கொடுத்த அதிகாரியே விசாரணையும் செய்தார் என்ற வாதம் 2018-ல் ஓஹோவென்று ஓடியது. 2020-ல் அரசியல் சாசன அமர்வு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டது.

அப்புறம் என்னதான் மிச்சம்? பொட்டலம் போன பாதை. பிடித்த இடத்திலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து நீதிமன்றம், அங்கிருந்து ஆய்வகம். ஒவ்வொரு இடத்திலும் யார் கையில் இருந்தது, என்ன எடை, யாருடைய முத்திரை, எந்தத் தேதி. இந்த நான்கையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அப்போது நான் ஜூனியர். 22 கிலோ, ஒரே சாக்கு மூட்டை, 10 ஆண்டு தண்டனை. சீனியர் கட்டை என்னிடம் தள்ளிவிட்டு, "சாட்சியத்தை அப்புறம் படிக்கலாம்பா, முதல்ல எடையை மட்டும் எழுது" என்றார். மகஜரில் 22.000 கிலோ. அதிலிருந்து 50 கிராம் வீதம் இரண்டு மாதிரிகள் அந்த இடத்திலேயே எடுத்ததாக எழுதியிருந்தது. அப்படியானால் மிச்சம் 21.900 இருக்க வேண்டும். நீதிமன்றச் சொத்துப் பதிவேட்டில் மிச்ச மூட்டையின் எடை 22.000 கிலோ. ஆய்வக அறிக்கையில், வந்து சேர்ந்த மாதிரியின் எடை 38 கிராம்.

எனக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எழுத்தர் மகஜரைப் பார்த்து அப்படியே காப்பி அடித்திருப்பார் என்றேன். சீனியர் சிரித்தார். "அதைத்தான் நானும் சொல்றேன். யாரும் எடை போடலை."

வாதத்தின்போது அரசு வழக்கறிஞர் எதிர்பார்த்ததையே சொன்னார். பச்சைக் கஞ்சா, ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து எடை குறைந்திருக்கிறது என்றார். சீனியர் எழுந்து கேட்டது ஒரே கேள்விதான்: "மாதிரி காய்ந்தது, மூட்டை மட்டும் காயவில்லையா?" ஒரே செடி, ஒரே நாள், ஒரே அறை. 50 கிராமில் 12 கிராம் போயிருக்கிறது, 22 கிலோவில் ஒரு கிராம்கூடப் போகவில்லை. அதோடு எடுத்த 100 கிராமும் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது!

இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. பொருள் நீதிமன்றத்துக்குப் போனது 11 நாள் கழித்து. அந்த 11 நாளும் ஸ்டேஷனில் எங்கே வைத்திருந்தார்கள் என்பதற்குப் பதிவேடு தாக்கல் ஆகவில்லை. பொறுப்பில் இருந்தவரைச் சாட்சியாகவும் விசாரிக்கவில்லை. மாதிரி முத்திரையோடு (ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக அனுப்பும் முத்திரைப் பதிவோடு) ஒப்பிட்டேன், சரியாக இருந்தது என்று ஆய்வகம் எழுதியிருந்தது. ஆனால் மாதிரி முத்திரையை யார் எப்போது ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள் என்று எந்தத் தாளிலும் இல்லை.

எனக்குப் பிடித்த வாதம் வேறு. மாலை 5 மணிக்கு ரோட்டோரத்தில் எழுதியதாகச் சொன்ன மகஜரின் தலையில் வழக்கின் குற்ற எண் இருந்தது. முதல் தகவல் அறிக்கை பதிவானதே இரவு 7.30-க்கு. எண்ணே பிறக்காத நேரத்தில் அது மகஜரில் எப்படி ஏறியது? நான் துள்ளிக் குதித்தேன். நீதிபதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் சேர்த்து எழுதியிருக்கலாம், குறுக்கு விசாரணையில் ஏன் கேட்கவில்லை என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். எடையைப் பற்றிக் கீழ் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் கேட்டிருந்தார்கள். தராசைப் பக்கத்துக் கடையில் வாங்கினேன், கடைக்காரரை விசாரிக்கவில்லை என்று அதிகாரி ஒப்புக்கொண்ட அந்த இரண்டு வரிதான் காப்பாற்றியது. தண்டனை ரத்தானது. அதற்குள் அவர் நான்கு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

ஆகவே உங்கள் கட்டில் முதலில் பார்க்க வேண்டியது குறுக்கு விசாரணையை. மேல்முறையீடு புதிய விசாரணை இல்லை. கீழே பதிவானதை வைத்துத்தான் பேச முடியும். கூடுதல் சான்று எடுக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். கேட்காமல் விட்ட கேள்விக்கு அரசுத் தரப்பு 'கேட்டிருந்தால் விளக்கியிருப்போம்' என்று சொல்லிவிடும். ஆவணங்களே ஒன்றோடொன்று முரண்பட்டால் மட்டும் அந்தப் பாச்சா பலிக்காது.

சட்டத்துக்கு வருவோம். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் பிரிவு 52ஏ என்று ஒன்று இருக்கிறது. பிடித்த பொருளைப் பட்டியலிட்டு, குற்றவியல் நடுவர் முன்னிலையில் மாதிரி எடுத்து, அவரிடம் சான்று வாங்க வேண்டும். அப்படி வாங்கிய பட்டியலும் போட்டோவும் மாதிரியுமே முதன்மைச் சான்று. அந்த இடத்திலேயே மாதிரி எடுத்து அனுப்புகிற பழக்கம் இதற்கு ஒத்துவராது என்று 2016-ல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 டிசம்பரில் வந்த விதிகளும் நடுவர் முன் மாதிரி எடுப்பதையே முறையாக்கின. 2023-ல் இந்த ஒரு குறையை வைத்தே உச்ச நீதிமன்றத்தில் சிலர் விடுதலையானார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பலரும் '52ஏ மீறல், ஆகவே விடுதலை' என்று ஒரே வரியில் மனு எழுதுகிறார்கள். இப்போது அது செல்லாது. 52ஏ-வைப் பின்பற்றாதது மட்டுமே வழக்கைச் சாய்த்துவிடாது, மற்ற சான்றுகள் நம்பும்படி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. என்னைக் கேட்டால் அதுவே நியாயம். விதி மீறல் என்பதோடு நிறுத்தாமல், அதனால் ஆய்வகத்துக்குப் போனது இந்த மூட்டையின் சரக்குதானா என்ற சந்தேகம் எப்படி வருகிறது என்று காட்ட வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தச் சட்டத்தில் நிரூபிக்கும் சுமை தலைகீழாக இருக்கிறது. பொருள் கையில் இருந்தது என்று நிலைநாட்டிவிட்டால், பிரிவு 35, 54-ன்படி விளக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். அந்த முதல் படியையே அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி ஏற வேண்டும். நமக்கு வேலை அந்தப் படியில்தான்.

உங்கள் அண்ணன் வழக்கில் என் கண்ணை உறுத்துவது 'சாக்கோடு 21 கிலோ' என்பது. கஞ்சாவில் 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. 1 கிலோவுக்கு மேல் 20-க்குள் என்றால் 10 ஆண்டு வரை, குறைந்தபட்சம் எதுவும் கிடையாது. சாக்கின் எடை தனியாகப் போட்டார்களா? உள்ளே ஈரமா, காம்பா? சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. கலவை என்றால் மொத்த எடையையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற 2020-ம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த் தரப்பு காட்டும். சாக்கு கலவை இல்லை. விடுதலை கிடைக்காவிட்டாலும் இந்த ஒரு கிலோ கணக்கில் தண்டனை குறையலாம். இதை மாற்று வாதமாக இப்போதே மனுவில் போட்டுவையுங்கள்.

காலக்கெடு தீர்ப்பிலிருந்து 60 நாள். நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்க மனு போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம், சட்டப்பணிகள் குழு வக்கீலை அமர்த்தித் தரும். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவில் அவசரப்பட்டு நம்பிக்கை வைக்க வேண்டாம். வணிக அளவு என்பதால் ஜாமீனைக் கடினமாக்கும் பிரிவு 37-ன் நிபந்தனைகள் குறுக்கே நிற்கும்.

மகஜர், பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம், சொத்துப் பதிவேட்டின் பக்கம், ஆய்வக அறிக்கை, இந்த நான்குக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். ஊர், பேர், வழக்கு எண் எதுவும் வேண்டாம், எடைகளையும் தேதிகளையும் மட்டும் கீழே எழுதுங்கள். சாக்கின் எடை எங்காவது இருந்தால் அதையும் சேர்த்து.