சிட்டத்திலிருந்து கட்டைக்கு: லேஸ் நூல் கேள்வி பதில்

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: ரீச்சர், மருதமுனைத் தறிக்காரரிட்ட வாங்கின வெள்ளை நூல் சிட்டம் (வளையமாச் சுத்தின நூல் கட்டு) பீரலு லேசுக்கு, அதான் தலகாணியில குண்டூசி குத்தி, சின்னக் கட்டைகளில சுத்தின நூலால பின்னுற லேசுக்கு, சரிவருமா? சொரசொரப்பா இருக்கு.

பதில்: துண்டுச் சீட்டில 2/60, 2/80 எண்டு இருந்தா ரெண்டு இழை முறுக்கினது, சரிவரும். ஒற்றை இழை வேண்டாம் மகள், குண்டூசி உரசின இடமெல்லாம் பிசிறும்.

சொரசொரப்பு பாவுக்கு (தறியில நீளவாட்டில ஓடுற நூலுக்கு) போட்ட கஞ்சியா இருக்கலாம். துண்டு நூலில ஒரு துளி அயடீன் விட்டுப் பாருங்க, கருநீலமானா கஞ்சிதான். சிட்டத்தை நாலு இடத்தில எட்டுப் போலத் தளர்வாக் கட்டி, ஒரு இரவு வெறும் தண்ணியில ஊறப்போடுங்க. அடுத்த நாள் 100 கிராம் நூலுக்கு 3 லீற்றர் தண்ணி, 2 கிராம் சலவைச் சோடா, சீவின சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி போட்டு, மெல்லிய சூட்டில முக்கால் மணித்தியாலம். கரண்டியால கிண்டினா சிக்கும். சிட்டத்தைத் திருப்பி மட்டும் விடுங்க.

அலசினபிறகு முறுக்கிப் பிழியக்கூடாது. துவாயில ஒத்தியெடுத்து நிழலில தொங்கவிட்டு, கீழ்முனையில ஒரு சாப்பாட்டுக் கரண்டி மாட்டினாக் காணும். பாரம் கூடினா நூல் இழுபட்டுக் காயும். அந்த நூலில பின்னின லேஸ் முதல் கழுவலிலேயே சுருங்கும். காய்ஞ்ச நூலில விட்ட தண்ணித்துளி உடனே உறிஞ்சினா வேலை சரி. உருண்டு நிண்டா இன்னொருக்கா அவிக்கணும்.

கல்முனை: 40 ஆம் நம்பர் குரோசே நூலும் 2/40 தறி நூலும் ஒண்டுதானே?

பதில்: இல்லை. தறி நூல் நம்பருக்குக் கணக்கிருக்கு: 2/40 பருத்தி ஒரு இறாத்தலுக்கு 16,800 யார், அதாவது 10 கிராமில ஏறக்குறைய 340 மீற்றர். குரோசே உருண்டையின் நம்பர் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். அடிமட்டத்தில நூலை நெருக்கி, ஏறாமல் சுத்தி, 1 சென்ரிமீற்றருக்கு எத்தனை சுத்து எண்டு எண்ணுங்க. பழைய நூலுக்கும் அதே எண்ணிக்கை வந்தாப் பழைய குத்து மாதிரியையே (ஊசி குத்துற இடம் துளைச்ச அட்டை) பாவிக்கலாம்.

மட்டக்களப்பு நகரம்: கட்டையில சுத்தின நூல் தானா அவிழுது. பின்னும்போது முறுக்கும் கழண்டு போகுது.

பதில்: ரெண்டும் வேற வேற பிழை. அவிழுறதுக்குக் காரணம் கழுத்தில போடுற சுருக்கு. வழுக்கிற நூலுக்கு இரட்டைச் சுருக்குப் போடுங்க. முறுக்குக் கழல்றது நூற்கட்டையை (லேஸ் கட்டைக்கு நூல் எடுக்கிற ரீல்) நிறுத்திவைச்சு மேலால இழுக்கிறதால. அப்பிடி இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்குக் கூடும் அல்லது குறையும். நூற்கட்டையை ஆணியில படுக்கக் கோர்த்து உருளவிடுங்க.

அக்கரைப்பற்று: ஒரு சோடிக் கட்டைக்கு எவ்வளவு நூல் சுத்தணும்? இடையில முடிஞ்சா முடிச்சுப் போடலாமா?

பதில்: எல்லாக் கட்டைக்கும் ஒரே அளவு சொல்றவரை நம்பவேண்டாம். குறுக்கே ஓடுற சோடி மற்றச் சோடிகளைவிடப் பல மடங்கு குடிக்கும். 10 சென்ரிமீற்றர் மாதிரி பின்னி, ஒவ்வொரு சோடியிலயும் போன நூலை அளந்து பெருக்குங்க.

வலைப்பகுதியில முடிச்சு கூடவே கூடாது. நூல் முடியமுன்னமே, அடர்த்தியாப் பின்னுற இடத்தில புது நூலைப் பழையதோட சேர்த்து நாலைஞ்சு ஊசி தூரம் ரெண்டையும் ஒண்டாப் பின்னி, பிறகு வால்களை ஒட்ட வெட்டுங்க.

பாசிக்குடா: மாரியில லேசில செம்புள்ளி விழுது.

பதில்: குண்டூசித் துரு. பித்தளை ஊசிக்கு மாறுங்க, கஞ்சி போட்ட லேசைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. விழுந்த புள்ளிக்கு எலுமிச்சம்புளியும் உப்பும்.