ஆரன் தீவில் கூடாரம் போட யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: நானும் மனைவியும் லெஸ்டரில் இருக்கிறோம். ஜூலை கடைசியில் மூன்று நாள் ஸ்காட்லாந்தின் ஆரன் தீவைச் சைக்கிளில் சுற்றி, இரவில் கூடாரத்தில் தங்கலாம் என்று ஆசை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், திறந்தவெளியில் தங்க "தீவு முகாம் அனுமதி" வேண்டும், சைக்கிளைப் படகில் ஏற்றத் தனி டோக்கன் வேண்டும், இரண்டும் சேர்த்து ஆளுக்கு 35 பவுண்டு என்கிறார். கட்டலாமா? நண்பர் ஒருவர் சாமான்களோடு வேனில் வருவார். சாலையோரம் வேனிலேயே படுத்துக்கொள்வேன் என்கிறார். அதில் சிக்கல் உண்டா?

பதில்: கட்டாதீர்கள். அப்படி ஒரு அனுமதியே கிடையாது. டோக்கனும் கிடையாது. ஆரனுக்குப் போகும் கால்மாக் கம்பெனிப் படகுகளில் சைக்கிள் இலவசம். நீங்கள் இருவரும் சாதாரணப் பயணிச் சீட்டு எடுங்கள், பதியும்போது சைக்கிள் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

இந்த 'அனுமதி' வியாபாரம் எனக்குப் புதிதல்ல. ஆரனில் படகு வந்து சேரும் பிராடிக் துறையில் ஒரு குடும்பம் எனக்கு ஒரு தாளைக் காட்டியது. பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே ஸ்காட்லாந்துக் கொடி அச்சடித்து, கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. எந்த அலுவலகம் கொடுத்தது என்று தேடினேன், எங்கேயும் இல்லை. அந்தக் குடும்பத்தலைவர் அதைச் சட்டைப் பையில் வைத்து மூன்று நாள் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. கேட்க ஆளே கிடையாதே!

இங்கிலாந்தில் இருந்துகொண்டு யோசிக்கிறவருக்குப் பயம் வருவது இயல்புதான். அங்கே தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் தேசியப் பூங்கா ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் கூடாரம் போட உரிமை இல்லை. டார்ட்மூர் வழக்கே 2025-இல் சுப்ரீம் கோர்ட் வரை போய்த்தான் உறுதியானது. ஸ்காட்லாந்து வேறு. அங்கே 2003-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நடந்தோ சைக்கிளிலோ போகிறவர் திறந்த நிலத்தில் பொறுப்போடு தங்கலாம். சின்னக் கூடாரம், இரண்டு மூன்று பேர், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். வீடுகளுக்கும் சாலைக்கும் தள்ளிப் போடுங்கள். பயிரோ ஆடுமாடோ இருக்கும் வேலி போட்ட வயலுக்குள் போகாதீர்கள். கிளம்பும்போது நீங்கள் தங்கிய தடம் தெரியக்கூடாது. உங்களுக்குத் தேவையான சட்டம் இவ்வளவுதான்.

சரி, வேன். உங்கள் நண்பர்தான் எனக்குக் கவலை.

நான் மேலே சொன்ன உரிமை நடக்கிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் உரியது. மோட்டார் வாகனத்துக்கு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர், "சாலையிலிருந்து 15 கெஜத்துக்குள் நிறுத்தலாம் என்று சட்டமே சொல்கிறதே" என்று ஆரம்பிப்பார். அந்த 15 கெஜம் 1988-இன் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இருப்பது உண்மை. சாலையை விட்டு நிலத்துக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். ஆனால் நிறுத்துவதற்காக மட்டும் 15 கெஜத்துக்குள் ஓட்டியிருந்தால் அந்தக் குற்றம் உங்கள்மேல் வராது. இவ்வளவுதான் அதன் பொருள். "இது குற்றமில்லை" என்பதும் "இதற்கு உனக்கு உரிமை உண்டு" என்பதும் ஒன்றா? பக்கத்து வீட்டு வாசலில் நான் போய் நின்றால் போலீஸ் என்னைப் பிடிக்காமல் இருக்கலாம், அதற்காக அந்த வாசல் எனதாகிவிடுமா? நிலத்துக்காரர் வந்து எடுக்கச் சொன்னால் உங்கள் நண்பர் இரவு பதினொரு மணிக்கும் வேனை எடுத்துத்தான் ஆக வேண்டும். குறுகலான சாலைகளில் எதிர் வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடங்களில் இரவு தங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது எதிரே வருகிறவருக்கும் அவசர வண்டிக்கும் வைத்த இடம், தூங்க வைத்ததல்ல. நீங்கள் சைக்கிளில் வந்து வேனுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டால், ஊர்க்காரர் கண்ணுக்கு நீங்களும் வேன்காரர்தான்.

இன்னொன்று, ஜூலையில் தீவுப் படகில் வாகன இடம் மிக சீக்கிரம் தீர்ந்துவிடும். சைக்கிள்காரர் நீங்கள் சுலபமாக ஏறிவிடுவீர்கள், வேன் கரையில் நிற்கும், உங்கள் கூடாரம் அதற்குள் இருக்கும். நண்பரை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு பின்பக்கப் பைகளில் எல்லாவற்றையும் அடக்குங்கள். மூன்று நாளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

படகைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். ஆரனுக்கென்று க்ளென் சானக்ஸ் என்ற கப்பலையும், வேறு தீவுகளுக்கென்று அதன் ஜோடிக் கப்பலையும் கட்ட 2015-இல் 97 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். க்ளென் சானக்ஸ் 2018-இல் ஓட வேண்டியது. 2017 நவம்பரில் தண்ணீரில் இறக்கி விழா எடுத்தார்கள், முகப்பில் ஜன்னல் பொருத்தியிருக்கவில்லை, கறுப்புப் பெயின்ட்டில் வரைந்திருந்தார்கள். 2025 ஜனவரியில்தான் முதல் பயணியை ஏற்றியது. செலவு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. அதோடு, ஆரனுக்குப் பரம்பரையாகப் படகு கிளம்பும் ஆர்ட்ராசன் துறைக்குள் இந்தக் கப்பல் அடங்காது! அதனால் தெற்கே ட்ரூனிலிருந்து ஓட்டுகிறார்கள். ஆர்ட்ராசனிலிருந்து கடக்க ஒரு மணிக்கும் குறைவு. ட்ரூனிலிருந்து ஒன்றேகால் மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே.

இதை உங்களிடம் புலம்புவதற்குக் காரணம் இருக்கிறது. சீட்டில் எந்தத் துறை என்று போட்டிருக்கிறது என்று இரண்டு முறை பாருங்கள். தப்பான துறையில் இறங்கினால் மற்றதற்குச் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு ஊருக்கும் கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து ரயில் உண்டு, அதில் சைக்கிள் இலவசம். ஆனால் கிளாஸ்கோ வரை போகும் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கு முன்கூட்டி இடம் பதிந்தே ஆக வேண்டும். அதற்கும் காசு இல்லை, ஆனால் இடம் சொற்பம். முதலில் சைக்கிள் இடம், அப்புறம் உங்கள் சீட்டு. தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் 'படகு முன்பதிவு' தளங்களை விட்டுவிடுங்கள். படகுக் கம்பெனியின் தளத்தில் கிடைக்கும் அதே சீட்டுக்கு 'சேவைக் கட்டணம்' என்று அவர்கள் தனியாக வாங்குவார்கள்.

காற்று அடித்தால் படகு நிற்கும், இயந்திரக் கோளாறு என்றாலும் நிற்கும். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமானால் ஞாயிறு கடைசிப் படகை நம்பாதீர்கள். மூன்று நாள் திட்டத்துக்கு நான்கு நாள் லீவு போடுங்கள்.

தீவைச் சுற்றும் சாலை சுமார் 90 கிலோமீட்டர். பெரும்பாலானோர் பிராடிக்கில் இறங்கியதும் வடக்கே திரும்புவார்கள். நான் தெற்கே போகச் சொல்வேன். காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால், கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் மேற்குக் கரையில் அது உங்கள் முதுகைத் தள்ளும். கடலும் உங்கள் பக்கமே இருக்கும். முதல் நாள் லாம்லாஷ், வைட்டிங் பே வழியாகக் கில்டொனன், சுமார் 20 கிலோமீட்டர். பிராடிக்கை விட்டதுமே ஏற்றம் ஆரம்பிக்கும், இறங்கித் தள்ளினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கில்டொனனில் கடலோரமாகவே காசு கட்டித் தங்கும் முகாம் இருக்கிறது. கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் எதிரே கலங்கரை விளக்கத்தோடு பிளாடா என்ற குட்டித் தீவு, அதற்கப்பால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி எய்ல்ஸா கிரெய்க். முதல் தடவை போகிறவர்கள் முதல் இரவை இப்படி ஒரு முகாமில் கழிப்பது நல்லது. காசை முகாம்காரரிடமே நேராகக் கொடுங்கள்.

இரண்டாம் நாள் நீளம், 45 கிலோமீட்டரைத் தாண்டும். தெற்கு மூலையில் ஏற்ற இறக்கம் மாறி மாறி வந்து உயிரை வாங்கும். பிளாக்வாட்டர்ஃபுட் தாண்டியபின் சாலை கடலோரம் சமமாகிவிடும். குழிகள் மட்டும் அப்படியே இருக்கும், மழை பெய்து தேங்கினால் ஆழம் தெரியாது. வழியில் மக்ரி மேட்டில் 4,000 வருஷத்துப் பழைய நெடுங்கற்கள் நிற்கின்றன. சாலையில் சைக்கிளைப் பூட்டிவிட்டு அரை மணி நடந்து பாருங்கள், அங்கே கூடாரம் மட்டும் போடாதீர்கள். கால் ஓய்ந்துவிட்டது, மழையும் பிடித்துவிட்டது என்றால் பிளாக்வாட்டர்ஃபுட்டிலிருந்து 'ஸ்ட்ரிங்' என்ற குறுக்குச் சாலை மலையைத் தாண்டி நேராகப் பிராடிக்கில் கொண்டு விடும். இறக்கத்தில் பிரேக் வேண்டும், கட்டை தேய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் இரவு வடக்கே லாக்ரான்சா. அங்கே பெரிய கடை கிடையாது, வழியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மான்கள் கூடாரங்களுக்கு நடுவே நம்மூர் மாடு மாதிரி உலாவும், ரொட்டியை வெளியே வைக்காதீர்கள். மூன்றாம் நாள் ஒரே ஒரு மலை ஏற்றம், அப்புறம் சானக்ஸ், காரி வழியாகக் கடலோரமாகவே பிராடிக். 23 கிலோமீட்டர்தான். படகு பிடிக்கும் நாளை வேண்டுமென்றேதான் சின்னதாக வைத்திருக்கிறேன்.

ஜூலை என்றீர்கள். மிட்ஜ் பற்றி யாராவது சொன்னார்களா? கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் கடிப் பூச்சி. காற்று நின்ற சாயங்காலத்தில் மேகம் மாதிரி எழும்பும். லாக்ரான்சாவில் ஒரு நாள் ரசம் கொதிக்க வைத்தேன். மூடியைத் திறந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, மேலே மிளகுத்தூள் தூவினது போல மிதந்தன. மிளகு நான் போடவே இல்லை. கொஞ்சம் காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது. அதனால் பள்ளமான, மரங்கள் சூழ்ந்த, அழகான ஓடைக்கரையை விட்டுவிட்டுக் காற்றுப்படும் மேட்டில் கூடாரம் போடுங்கள். தலைக்கு வலைத் தொப்பி ஆளுக்கு ஒன்று கட்டாயம். தேதியை மாற்ற முடியுமென்றால் மே மாதத்துக்கு மாற்றுங்கள். பூச்சி குறைவு, பள்ளி விடுமுறைக் கூட்டமும் இல்லை.

உண்ணியும் உண்டு. இரவில் கால், இடுப்பு, அக்குள் பாருங்கள், கடித்திருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போங்கள். சமையலுக்குக் கேஸ் அடுப்பு மட்டும், விறகுத் தீ வேண்டாம். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். மலம் கழிப்பது தண்ணீரிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, குழி தோண்டி மூடி.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் "கட்டலாமா" என்று கேட்டிருந்தாலும் பாதித் தொகையை ஏற்கனவே கட்டிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம். நிறையப் பேர் கட்டிய பிறகுதான் எனக்கு எழுதுகிறார்கள். கட்டியிருந்தால் அந்த மனிதரோடு வாட்ஸ்அப்பில் வாதம் செய்துகொண்டிருக்காமல் இன்றே வங்கிக்குப் போன் செய்யுங்கள். கார்டில் கட்டியதா, கணக்குக்கு அனுப்பியதா என்பதை முதலில் சொல்லுங்கள், இரண்டுக்கும் வங்கி செய்யும் நடவடிக்கை வேறு. அவர் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள்.