பழைய ரஷ்ய செப்புக் காசுல தேதிக்கு அடியில இன்னொரு தேதி தெரியுது, இது ஓவர்டேட்டா? இந்த மாதிரி வகைகளை எப்படி சேகரிக்கிறது?

கேள்வி கேட்டவர் கிட்ட இருக்கிறது 1763-ம் வருஷத்து 5 கோபெக், அதுல 3-க்கு பக்கத்துல ஒரு வளைவு தெரியுது, 3-க்கு அடியில 2 இருக்குமோ, அதாவது பழைய வருஷத்து மேல புது வருஷம் அடிச்ச ஓவர்டேட்டான்னு கேக்குறாரு. இதே காசு, இதே வருஷம், இதே சந்தேகத்தோட நானும் ஒண்ணு வாங்கினேன், அதனால இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

மாஸ்கோவுல படிச்சிட்டு இருந்தப்போ ஒரு ஞாயித்துக்கிழமை சந்தையில தரையில துணி விரிச்சு வெச்சிருந்த ஒரு வியாபாரி "இது 2 மேல 3, ரொம்ப அரிது"ன்னு சொல்லி சாதாரண விலையை விட மூணு மடங்கு வாங்கினாரு. கையில வெச்சா நம்ம உள்ளங்கை நடுப்பகுதி முழுக்க மறையும், 50 கிராமுக்கு மேல கனம், அந்தக் கனத்துலயே மனசு போயிடுச்சு. ரெண்டு வருஷம் அதை ஓவர்டேட்னே சொல்லி எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தேன். அப்புறம் அங்கயே ரொம்ப நாளா காசு சேகரிக்கிற ஒரு பெரியவர் கிட்ட காட்டினேன். அவர் தேதியைப் பார்க்கவே இல்ல. காசைத் திருப்பி, இரட்டைத் தலைக் கழுகு இருக்கிற பக்கத்தை விளக்குக்கு சாய்ச்சுப் பிடிச்சு, கழுகோட இறக்கைக்குக் கீழ லென்ஸை வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டாரு. அங்க ஒரு முரசோட ஓரம் லேசா தெரிஞ்சுது. கழுகுக் காசுல முரசுக்கு என்ன வேலை?

இங்கதான் விஷயமே இருக்கு. 1757-ல எலிசபெத் மகாராணி காலத்துல ஒரு பூட் செம்புக்கு 16 ரூபிள் காசு அடிக்கணும்னு முடிவாச்சு. பூட்னா ரஷ்யாவோட பழைய எடை, 16.38 கிலோ. ஒரு ரூபிளுக்கு 100 கோபெக். அப்படின்னா ஒரு பூட்ல 5 கோபெக் காசு 320, ஒண்ணு கிட்டத்தட்ட 51.2 கிராம். 1762-ல மூணாவது பீட்டர் வந்து அதை 32 ரூபிளா ஆக்கினாரு, அதாவது அதே எடையில இருக்கிற காசு இப்போ 10 கோபெக். செம்பை உருக்கவே வேண்டாம், பழைய 5 கோபெக்கை எடுத்து அது மேலயே புது அச்சை வெச்சு அடிச்சா கஜானாவுக்கு பணம் ரெண்டு மடங்கு. அந்த 10 கோபெக்லதான் கொடி, முரசு, பீரங்கி எல்லாம் இருக்கும். ஆனா ஆறு மாசத்துல அவரை இறக்கிட்டு மனைவி இரண்டாம் கேத்தரின் ஆட்சிக்கு வந்தாங்க, வந்ததும் திரும்ப 16 ரூபிள்னு மாத்திட்டாங்க, அதனால அந்த 10 கோபெக் எல்லாம் மறுபடி 5 கோபெக்கா அடிக்கப்பட்டுச்சு. அந்த 1763 காசு பல நேரம் மூணு வாழ்க்கை வாழ்ந்த காசு, எலிசபெத், பீட்டர், கேத்தரின் மூணு பேரோட அச்சும் ஒரே செம்புல இருக்கலாம்.

என் காசுல 3-க்கு பக்கத்துல இருந்த கோடு 2 இல்ல, அடியில இருந்த பழைய காசோட படத்துல ஒரு துண்டு. ஏமாந்துட்டோமேங்கிற வருத்தம் ஒரு நாள் இருந்துச்சு. ஆனா அந்த முரசைப் பார்த்த பிறகு அந்தக் காசை நான் இன்னும் அதிகமா நேசிக்க ஆரம்பிச்சேன், அது வேற.

சரி, ஓவர்டேட்னா என்ன? அது காசோட கதை இல்ல, அச்சோட கதை. அந்தக் காலத்துல அச்சுல வருஷத்தோட எண்களை ஒவ்வொண்ணா பஞ்ச் வெச்சு, அதாவது முனையில எண் செதுக்கின எஃகுத் துண்டை வெச்சு அடிப்பாங்க. வருஷம் முடிஞ்சுடும், அச்சு இன்னும் நல்லா இருக்கும், அல்லது பயன்படுத்தவே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. எஃகு அச்சை செய்யறது சுலபமான வேலையா என்ன, அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும். அதனால அச்சைக் காய்ச்சி மிருதுவாக்கி, பழைய கடைசி எண் மேலயே புது எண்ணை அடிச்சு, திரும்ப கடினமாக்கிடுவாங்க. பழைய எண் முழுசா மறையாது. யூரல் மலைப் பக்கம் ஏகாதெரின்பர்க் மாதிரி மலை மலையா செப்புக்காசு அடிச்ச இடத்துல அச்சோட தேவை எவ்ளோ இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரஷ்யாவுல சேகரிக்கிறவங்க ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை வெச்சிருக்காங்க, காசு மேல காசு அடிச்சா பெரெசெகான், அச்சுல எண்ணைத் திருத்தினா பெரெகிராவிரோவ்கா. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஓவர்டேட்னு ஒரே வார்த்தையில சொல்லிடறதுதான் பாதி குழப்பத்துக்கு காரணம்.

பிரிச்சுப் பார்க்கிறது எப்படின்னா, அச்சுல இருந்த தப்பு அந்த அச்சுல அடிச்ச எல்லா காசுலயும் அதே இடத்துல, அதே வடிவத்துல வரும். பழைய எண் புது எண் நிக்கிற இடத்துலயே, அதே அளவுல, அதே சாய்வுல, மேடா இருக்கும். காசு மேல காசு அடிச்சதுல அப்படி இருக்காது, அடியில இருக்கிறது எந்தப் பக்கம் வேணாலும் திரும்பி இருக்கும், தலைகீழா கூட இருக்கும், நசுங்கித் தட்டையா இருக்கும், ஒவ்வொரு காசுலயும் வேற வேற இடத்துல இருக்கும், முக்கியமா தேதியில மட்டும் நிக்காது, வேற எங்கயாவது ஒரு எழுத்தோ நட்சத்திரமோ கோடோ எட்டிப் பார்க்கும். அதனால எப்பவும் தேதியைக் கடைசியில பாருங்க. முதல்ல காசோட மத்த பரப்பு முழுக்க, ரெண்டு பக்கமும். இந்தக் காசுகள்ல வருஷம் ரெண்டா பிரிஞ்சு மகாராணியோட முதலெழுத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கும், 17 ஒரு பக்கம், 63 ஒரு பக்கம். எண்ணும் எழுத்தும் எல்லாமே ஒரே திசையில ரெட்டையா தெரிஞ்சா அது அடிக்கும்போது காசு நகர்ந்தது, ஓவர்டேட் இல்ல. அதே எண்ணையே ரெண்டு தடவை அடிச்ச அச்சும் உண்டு, அதுவும் ஓவர்டேட் இல்ல.

3-க்குள்ள 2 தேடறீங்கன்னா 2-ஓட அடிக்கோடு தட்டையா இருக்கும், 3-ஓட அடி வளைவா இருக்கும், அந்த மூலையில பாருங்க. 1-க்கு அடியில 0 இருந்தா ரெண்டு பக்கமும் பிறை மாதிரி வளைவு தெரியணும், ஒரு பக்கம் மட்டும் இருந்தா நம்பாதீங்க. 7 மேல 8 அடிச்சிருந்தா கண்டுபிடிக்கிறது ரொம்ப கஷ்டம், 7-ஓட மேல் கோட்டு முனை வெளிய நீட்டிட்டு இருக்கான்னு மட்டும்தான் பார்க்க முடியும்.

இன்னொண்ணு, காசுல இருக்கிற வருஷம் அடிச்ச வருஷம்தான்னு ரஷ்ய செம்புல நினைக்கவே கூடாது. 1796-ல கேத்தரினுக்கு ரொம்ப நெருக்கமா இருந்த பிளாட்டோன் சூபோவோட திட்டத்துல மறுபடி 32 ரூபிள் கணக்கு வந்துச்சு, 5 கோபெக் மேல 10 கோபெக் அடிச்சாங்க. அதே வருஷக் கடைசியில கேத்தரின் இறந்துட்டாங்க, மகன் பாவெல் அதை நிறுத்தி, 1797-ல அந்தக் காசுகளைத் திரும்ப 5 கோபெக்கா அடிக்க வெச்சாரு, ஆனா அம்மாவோட பழைய அச்சுகளை வெச்சு. அதனால மேல 1793, அடியில 1796-ன்னு காசு கிடைக்கும். பழைய தேதி மேல, புது தேதி கீழ! இதை முதல் தடவை பார்த்தப்போ எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த பாவெல் காசுகள் உண்மையான ஓவர்டேட்டை விட நூறு மடங்கு அழகுங்கிறது என்னோட அபிப்பிராயம், புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுலயே ஆரம்பிக்கலாம். சின்னக் காசு பிடிக்கும்னா 1755-லிருந்து 1757 வரைக்கும் அடிச்ச 1 கோபெக் பாருங்க, மேகத்துல கழுகு இருக்கும், அதுல நிறைய 1723-லிருந்து 1730 வரை வந்த சிலுவை போட்ட 5 கோபெக் மேல அடிச்சது. ரெண்டுக்கும் எடை ஒண்ணுதான், 20.5 கிராம் சுமார், 5 கோபெக் 1 கோபெக் ஆகிப்போச்சு.

கருவி பெருசா ஒண்ணும் வேண்டாம். 10 மடங்கு லென்ஸ், கிராம்ல ரெண்டு புள்ளி வரைக்கும் காட்டற தராசு, ஒரு டார்ச். டார்ச்சை மேல இருந்து அடிக்காதீங்க, காசோட மட்டத்துக்கு இறக்கி பக்கவாட்டுல அடிச்சு, காசை மெதுவா சுத்துங்க. ஒரு திசை வெளிச்சத்துல எண்ணா தெரியறது இன்னொரு திசையில வெறும் கீறலா தெரியும். எந்தத் திசையில பார்த்தாலும் நிக்கிறதை மட்டும் நம்புங்க. பச்சைக் களிம்பு இருக்குன்னு புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க, தயவு செஞ்சு. நீங்க தேடற அந்த மெல்லிய மேடு முதல்ல போறது அதுலதான். எண்ணைச் சுத்தி மட்டும் நிறம் மாறி, தளம் கொஞ்சம் பள்ளமா இருந்தா யாரோ உளியால எண்ணை மாத்தியிருக்காங்க, அதைத் தொடாதீங்க.

விலை விஷயத்துல என் பழக்கம் இதுதான், அதே அச்சுல அடிச்ச இன்னொரு காசோட படம் கிடைக்கிற வரைக்கும் ஓவர்டேட்டுக்குன்னு கூடுதல் பணம் குடுக்க மாட்டேன், என் நோட்டுல பென்சில்ல கேள்விக்குறி போட்டு வெச்சுடுவேன். ஏலப் படங்களைச் சேர்த்து வெச்சுக்கோங்க, ரெண்டு படத்தை பக்கத்துல பக்கத்துல வெச்சு கிரீடத்தோட முத்து, எழுத்தோட சாய்வு, அச்சுல விழுந்த விரிசல் எல்லாம் ஒத்துப் போகுதான்னு பார்த்தா, அப்புறம் எண்ணோட அடியில இருக்கிறது ரெண்டுலயும் ஒண்ணான்னு பார்த்தா போதும். சில கேள்விக்குறி எட்டு வருஷமா அப்படியே இருக்கு.

உங்க 1763 காசுக்கு வருவோம். எடை போட்டு சொல்லுங்க, இதுல கிராம் கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், 47 ஆனாலும் 54 ஆனாலும் பதறாதீங்க. கழுகுப் பக்கத்தை மூணு திசை வெளிச்சத்துல படம் எடுத்துப் போடுங்க, தேதிப் பக்கம் அப்புறம். முதல்ல இறக்கைக்குக் கீழ முரசு இருக்கான்னு பார்ப்போம்.