லிட்டா என்ற நூலகத் தொழில்நுட்பச் சங்கம் என்ன ஆனது?

சேலத்தில் நூலக அறிவியல் படிப்பதாகவும், பாடத்தில் வரும் ‘லிட்டா’ இப்போது ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். மறைந்துவிடவில்லை. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததால், 2020 செப்டம்பரில் அமெரிக்க நூலகச் சங்கத்தின் வேறு இரண்டு பிரிவுகளோடு இணைந்து ‘கோர்’ என்ற ஒரே பிரிவாகிவிட்டது.

தொடக்கம் 1966. அந்தச் சங்கத்தில் தகவல் அறிவியலுக்கும் தானியங்கி முறைக்கும் என்று தனிப்பிரிவு அமைத்தார்கள். லிட்டா என்ற பெயர் 1978இல்தான் வந்தது. பிரிவு பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். அப்போதுதான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம், பட்டியல் அட்டையைக் கணினி படிக்கும்படி மாற்றும் ‘மார்க்’ வடிவத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதை நூலகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? இந்தப் பிரிவு பயிற்சி வகுப்புகள் நடத்தியது. என் பார்வையில் அதன் பெரிய சாதனை இதுதான்.

ஏற்காடு அடிவாரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள். புதுப் புத்தகம் வந்தால் 100 என்று எண்ணிட்ட கட்டத்தில் ஆசிரியர் பெயர், 245இல் தலைப்பு என்று தட்டுவேன். அந்த எண்கள் மார்க் தந்தவை. குடும்பப்பெயர் முன்னால் வரும் வழக்கத்தில் பிறந்த வடிவம் என்பதால், நம் ஊர் இனிஷியலை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், 1968இல் பிரடெரிக் கில்கோரை ஆசிரியராகக் கொண்டு இந்தப் பிரிவு தொடங்கிய ஆய்விதழ், பெயர் மாறி இன்றும் வருகிறது. இணையத்தில் இலவசம்; பழைய இதழ்களிலிருந்து படியுங்கள்.