திருநெல்வேலியில் இருந்துகொண்டு ஃபார்முலா கார் ரேஸை நேரில் பார்க்க முடியுமா? எப்படித் திட்டம் போடுவது?

முடியும். "டிவியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையாவது நேரில் பார்க்கணும், நெல்லையில் இருந்து சிங்கப்பூர் போய்வர வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூருக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் கோயம்புத்தூருக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை, தொழில் லேத் பட்டறை. இந்தப் பைத்தியம் பிடித்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது: 2005 ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயம், நமக்கு ராத்திரி பதினொன்றரை. நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் என்கிற அணிக்கு ஓட்டுகிறார், ஃபார்முலா பந்தயங்களிலேயே உச்சமான ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர், அதுவும் கோயம்புத்தூர்க்காரர் என்று பேப்பரில் படித்துவிட்டு, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து உட்கார்ந்தேன். பந்தயத்துக்கு முந்தைய சுற்று முடிந்ததும் இருபது காரில் பதினாலு கார் வரிசையாகப் பிட்டுக்குள், அதாவது டயர் மாற்றி வண்டியைச் சரிபார்க்கிற ஓரத்துக்குள், திரும்பிவிட்டன. மிஷெலின் டயர் அந்த டிராக்கின் சாய்வான வளைவைத் தாங்காது என்று அதைப் போட்டிருந்த அத்தனை அணியும் விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்தான் மிச்சம். நரேன் நாலாவது வந்தார், ஐந்து புள்ளி. மறுநாள் பட்டறையில் பெருமையாகச் சொன்னால் மாமா சிரித்தார்: "ஆறு வண்டி ஓடுனதுல நாலாவதா? அதுக்காகவால ராத்திரி பூரா முழிச்சிருந்த?"

மாமா சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் அவருக்கு உயிர். கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் கோயில் கொடைக்குப் பந்தயம் வைக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பட்டறையை என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று எல்லாப் பிரிவும் பார்த்துவிட்டு இருட்டினபிறகுதான் வீடு. சின்ன வயதில் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நான் புறப்படுகிற இடத்தில் கூட்டத்தோடு நிற்பேன் என்று அடம்பிடிப்பேன். அவர் என்னை இழுத்துக்கொண்டு வண்டிகள் திரும்புகிற எல்லைக்கொடி நட்டிருக்கிற இடத்துக்குப் போவார். "பந்தயம் பாக்கணும்னா திருப்பத்துல போயி நில்லுல. நேர்ரோட்டுல எந்த மாடும் ஓடும்." அவர் சொன்னது மாட்டுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதன்முதலில் நான் நேரில் போனது இருங்காட்டுக்கோட்டைக்கு. பெங்களூரு சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், சிப்காட் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிற டிராக். 1953-ல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தம், 1990-ல் திறந்தது, முழுச் சுற்று 3.7 கிலோமீட்டர். அதற்கு முன்னால் இவர்கள் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஒரு பஸ். தொப்பி இல்லை, தண்ணீர் பாட்டில் ஒன்றே ஒன்று. நல்ல இடம் என்று நினைத்து நேர் ஓட்டத்துக்கு எதிரே கேலரியில் உட்கார்ந்தேன். கார் வரும், காது அடைக்கும், போய்விடும். யார் முன்னால், யார் பின்னால், ஒன்றும் விளங்கவில்லை. டிவியில் பார்த்தாலாவது பெயர் போடுவான். மத்தியானத்துக்குள் பிடரி தோல் வெந்துபோய், 'இதுக்காகவா அறுநூறு கிலோமீட்டர் வந்தோம்' என்று திரும்பினேன்.

அடுத்த தடவை கோயம்புத்தூர் செட்டிபாளையம், காரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கேதான் மாமா சொன்னது உறைத்தது.

காரி என்பது கார் அல்ல, ஆளின் பெயர். எஸ். கரிவர்தன், பந்தயக்காரர். 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் எஞ்சினைத் தூக்கி ஒற்றை இருக்கை வண்டியில் வைத்து 'ஃபார்முலா மாருதி' என்று உருவாக்கினார். வெளிநாட்டில் இருந்து கோடி ரூபாய்க்கு வண்டி இறக்காமலே நம் பையன்கள் ஃபார்முலா கார் ஓட்டப் பழகினது அதில்தான். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் 2003-ல் இந்த டிராக். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான சின்ன டிராக், நான் போனபோதெல்லாம் ஒரே இடத்தில் நின்று முக்கால்வாசி ஓட்டத்தைப் பார்க்க முடிந்தது. அதனால்தான் முதலில் அங்கே போங்கள் என்கிறேன்.

நேர் ஓட்டம் முடிந்து கார் பிரேக் பிடிக்கிற வளைவைத் தேடி நின்றேன். ஃபார்முலா எல்ஜிபி கார்கள், உள்ளே ஸ்விஃப்ட் எஞ்சின், எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி. அப்படியிருந்தும் ஒருவன் ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் பிரேக் பிடிக்கிறான், அடுத்தவன் அதைத் தாண்டி ஒரு கார் நீளம் போய்ப் பிடிக்கிறான். மூன்றாவது ஆள் இன்னும் கொஞ்சம் தைரியம் காட்டினான், முன்சக்கரம் உருளாமல் இறுகி, நீலப்புகை கிளம்பி, நேராக மண்ணுக்குள் போனான். பந்தயம் மொத்தமும் அந்த ஐந்து மீட்டரில்தான் நடக்கிறது. நேர்ரோட்டில் எந்தக் காரும் ஓடும்.

திறந்த சக்கரம் என்பதன் அர்த்தமும் நேரில்தான் புரியும். நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே, மட்கார்டு கிடையாது. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் வளையும்போது சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான். பட்டறைக்காரன் என்பதால் எனக்கு இதை விளக்க ஆசை: முன்னால் போகிற காரின் பின்சக்கரத்தை அதன் பின்பக்கத்தில் இருந்து பாருங்கள், ரப்பர் கீழிருந்து மேலே போகிறது. துரத்தி வருகிற காரின் முன்சக்கரத்தில், முன்பக்கம் மேலிருந்து கீழே வருகிறது. இரண்டும் தொட்டால் இரண்டு பல்சக்கரம் கடித்த மாதிரி, பின்னால் வந்த கார் ஏணியில் ஏறுவதுபோல் மேலே ஏறிவிடும். மாட்டுவண்டியில் சக்கரத்தோடு சக்கரம் மாட்டினால் குடைசாயும், இங்கே பறக்கும். 2011 அக்டோபர் 16 லாஸ் வேகஸில் இண்டிகார் என்கிற அமெரிக்கத் திறந்த சக்கரப் பந்தயத்தில் பதினைந்து கார் மோதிக்கொண்டதில் டேன் வெல்டன் இறந்தது அப்படிப் பறந்து வேலியில் அடித்துத்தான். ஓட்டுநரின் தலைக்கு மேலே இப்போது பார்க்கிற டைட்டானியம் வளையம், ஹாலோ, ஃபார்முலா ஒன்னுக்கு 2018-ல்தான் வந்தது. வந்த புதிதில் செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று நானும் கேலி பேசினேன். 2020 பஹ்ரைனில் ரொமெய்ன் குரோஷோன் என்கிற ஓட்டுநரின் கார் தடுப்பு வேலியைப் பிளந்துகொண்டு தீப்பிடித்து, அந்த வளையம் தலையைக் காத்ததால் அவர் அந்தத் தீக்குள் இருந்து எழுந்து வந்ததைப் பார்த்தபிறகு பேசுவதில்லை.

(இடையில் ஒன்று. ஃபார்முலா ரேஸ் என்றதும் நம்ம ஊரில் எல்லாரும் "அஜித் ஓட்டுறாரே, அதுதானே அண்ணாச்சி?" என்பார்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி ஓட்டினது போர்ஷே, மூடின கார், அது வேறு வகை. ஆனால் 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஏஷியா, 2010-ல் ஃபார்முலா டூ என்று அவரும் திறந்த சக்கரத்தில் ஓட்டினவர்தான். ஆகவே கேட்கிறவர்களை முறைக்க வேண்டாம்.)

2011-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு, டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவுக்கும் போனேன். தீபாவளி கழிந்த கையோடு திருக்குறள் எக்ஸ்பிரஸ், இரண்டு ராத்திரி, முறுக்கும் அதிரசமும் தீருவதற்குள் நிஜாமுதீன் வந்துவிட்டது. ரேஸ் வாரம் என்று தெரிந்ததும் லாட்ஜ்காரர் பேசின வாடகையை அங்கேயே இரட்டிப்பாக்கினார். ஃபோனில் பேசி உறுதி பண்ணினதை நம்பாதீர்கள், முன்பணம் கட்டி ரசீது வாங்குங்கள். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியிலேயே ஒரு நாய் டிராக்குக்குள் ஓடி, செங்கொடி காட்டி நிறுத்தினார்கள். ஞாயிறு, அக்டோபர் 30, பந்தயத்துக்கு முன்னால் வெல்டனுக்கும் அதற்கு அடுத்த வாரம் இறந்த பைக் வீரர் சிமோன்செல்லிக்கும் ஒரு நிமிட மௌனம். அவ்வளவு பெரிய கூட்டம் சட்டென்று அமைதியானது இன்னும் எனக்குள் இருக்கிறது. பிறகு இருபத்துநாலு வி8 எஞ்சின்கள், நிமிடத்துக்கு 18,000 சுற்று. அந்தச் சத்தத்தைக் காதால் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் வாங்கினேன். ஜெர்மனிக்காரர் செபாஸ்டியன் வெட்டல் ஜெயித்தார். 2012, 2013-லும் அவரே ஜெயித்தார், அதோடு இந்தியப் பந்தயம் நின்றுபோனது. இது விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று உத்தரப் பிரதேச அரசு வரி கேட்டது ஒரு முக்கியக் காரணம். 2014-ல் இருந்து எஞ்சின் 1.6 லிட்டர் டர்போ ஹைப்ரிட். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. பழைய ஆட்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

சென்னைத் தீவுத்திடல் ராத்திரிப் பந்தயம், 2024 ஆகஸ்ட் கடைசி: போனேன். மூன்றரை கிலோமீட்டர் தெருச்சுற்று, நேப்பியர் பாலத்தின் மேல் ஃபார்முலா 4 என்கிற தொடக்கநிலை ஃபார்முலா கார் போவதைப் பார்க்க அழகுதான். முதல் நாள் டிராக்குக்கான சான்றிதழ் வரத் தாமதம் என்று வெகுநேரம் காத்திருந்தோம். தெருப் பந்தயத்தில் வேலி உயரம், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் அதுதான் உங்கள் இடம். முதல் தடவைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, திட்டம். காரிக்குப் போக, ஆண்டின் பின்பாதியில் தேசிய சாம்பியன்ஷிப் தேதிகள் வரும், அதைப் பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளி ராத்திரி நாகர்கோவிலில் இருந்து வரும் கோயம்புத்தூர் ரயிலில் நம்ம ஜங்ஷனில் ஏறினால் சனி காலை இறங்கலாம். போத்தனூர் வழியாகச் செட்டிபாளையம். சனிக்கிழமை தகுதிச்சுற்று, கூட்டம் இருக்காது, அன்றைக்கே டிராக்கைச் சுற்றி நடந்து உங்கள் வளைவைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு நேராக அங்கே போய் நில்லுங்கள். கார் நிறுத்தி வேலை பார்க்கிற இடத்துக்குள் விட்டால் தவறவிடாதீர்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் தரையில் படுத்துக்கொண்டு சஸ்பென்ஷன் கம்பியை அரைச்சுற்று முறுக்குவான், அடுத்த ஓட்டத்தில் அந்தக் கார் வேறு மாதிரி வளையும். என் மாதிரி ஆளுக்கு அது பந்தயத்தைவிடப் பெரிய வேடிக்கை.

அதுவரைக்கும் டிவியில் பார்க்கும்போது முதல் ஆளைப் பார்க்காதீர்கள், டயரின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மென்மை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். பச்சையும் நீலமும் மழைக்கு. காய்ந்த டிராக்கில் குறைந்தது இரண்டு வகை போட்டே ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே முன்னால் போகிறவன் சிவப்பில் தேய்ந்துகொண்டிருக்க, பின்னால் வருகிறவன் ஒரு சுற்று முன்கூட்டியே பிட்டுக்குப் போய்ப் புது டயரில் வேகமாக ஓட்டி, அவன் வெளியே வருவதற்குள் தாண்டிவிடுவான். இது பிடிபட்டால் ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணிப் பந்தயத்தில் தூக்கம் வராது.

இனி சிங்கப்பூர். 2008-ல் தொடங்கின, ஃபார்முலா ஒன்னின் முதல் ராத்திரிப் பந்தயம். இப்போது ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு, 62 சுற்று, அங்கே இரவு எட்டு மணி, நமக்கு ஐந்தரை. செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும். திருச்சியில் இருந்தும் திருவனந்தபுரத்தில் இருந்தும் நேரடி விமானம் உண்டு. வள்ளியூர், நாங்குநேரி பக்கம் என்றால் திருவனந்தபுரம்தான் கிட்டே. விசாவை அங்கீகரித்த ஏஜென்ட் மூலம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். பந்தய வாரத்தில், பந்தயம் நடக்கிற மெரினா பே பக்கம் ஓட்டல் வாடகை விலை கேட்கிற மாதிரி இருக்காது. எம்.ஆர்.டி. என்கிற நகர ரயில் போகிற ஏதாவது தூரத்து ஸ்டேஷன் பக்கம் தங்குங்கள், பந்தய ராத்திரிகளில் ரயிலைக் கூடுதல் நேரம் ஓட்டுவார்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். எனக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தான்.

டிக்கெட்டில் இரண்டு வகை: இருக்கை உள்ள ஸ்டாண்ட், நடந்தபடி பார்க்கிற வாக்அபவுட். நடக்கிற டிக்கெட் மலிவு, ஆனால் எந்த ஜோனுக்குள் மட்டும் விடுவார்கள் என்று பார்த்து வாங்குங்கள், மலிவிலும் மலிவானதில் ஒரே ஜோன்தான். நான் அதைத்தான் வாங்கினேன். சனிக்கிழமை மூன்று மணிக்கே போய் வேலியோரம் இடம் பிடித்தேன். சித்தப்பா மகன் பெரிய திரைக்கு எதிரே நிற்போம், எல்லாம் தெரியும் என்றான். திரையை வீட்டிலேயே பார்க்கலாமே என்று சொல்லி அவனைக் கார்கள் பிரேக் பிடிக்கிற வளைவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து மணி நேரம் நின்றோம். வேர்வையில் சட்டை நனைந்து, அப்புறம் மழையில் நனைந்து, மறுபடியும் வேர்வையில். முதல் கார் அந்த இருட்டில் பிரேக் வட்டுகள் செக்கச்செவேல் என்று எரிய வந்து திரும்பினபோது, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு "எண்ணே, இது டிவில தெரியாதுல்லா" என்றான்.